முதலில் வயது, அப்புறம் வீடு, கடைசியில்தான் பதிவு

வீடில்லாத இளைஞர்களுக்காக ஏதாவது செய்யலாம் என்று நாலு பேர் கூடினால், முதல் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டுவிடுவார்: "டிரஸ்ட்டா, சொசைட்டியா, இல்ல கம்பெனியா பதிவு பண்ணலாமா?" அடுத்த கூட்டத்தில் பெயர். அதற்கடுத்ததில் லோகோ. யாருக்காக, எந்த வயதுக்காரர்களுக்காக, ராத்திரி அவர்கள் எங்கே படுப்பார்கள் என்ற பேச்சு வருவதற்குள் பத்திரம் பதிவாகியிருக்கும். அதில் "ஆதரவற்ற குழந்தைகள், முதியோர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் மற்றும் சமுதாயத்தில் நலிவடைந்த அனைவருக்கும்" என்று ஒரு நீளமான வரியும் உட்கார்ந்திருக்கும்.

இப்படிப்பட்ட சிறு அமைப்புகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலையின் ஒரு பகுதி. சென்னையில் இதைத் தொடங்க நினைக்கிறவர்களிடம் நான் சொல்வது, கேள்விகளைக் கடைசியிலிருந்து எடுங்கள் என்பதுதான். வயதை முதலில் முடிவு செய்யுங்கள். அது முடிவானால் எந்தச் சட்டம் உங்களைக் கட்டும் என்பது தெரிந்துவிடும். அப்புறம் தங்குமிடம். பதிவு வடிவத்தை ஒரு சாயங்காலத்தில் பேசி முடித்துவிடலாம்.

கீழே உள்ள ஒப்பீட்டை ஒரு குறிப்பிட்ட மாதிரிக் குழுவை மனதில் வைத்து எழுதுகிறேன்: பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் சம்பளக்காரர்கள், சேர்ந்து மாதம் 60,000 ரூபாய் வரை போட முடியும், பெரிய டோனர் யாரும் கைவசம் இல்லை, வேலையை விட்டுவிட்டு முழுநேரம் இறங்க ஒருவரும் தயாரில்லை. உங்களிடம் சொந்த நிலமும் இரண்டு கோடியும் இருந்தால் உங்கள் கணக்கு வேறு.

பதினெட்டுக்குக் கீழா, மேலா?

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி 18 வயது நிறையாத எவரும் குழந்தை. சென்ட்ரல் ஸ்டேஷனிலோ கோயம்பேட்டிலோ வீட்டை விட்டு ஓடிவந்த பதினாறு வயதுப் பையனைப் பார்த்து, மனசு கேட்காமல் உங்கள் இடத்துக்குக் கூட்டிவந்து தங்கவைத்தால், நீங்கள் செய்தது சட்டத்தின் கண்ணில் உதவி ஆகாது. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கோ, காவல் நிலையத்துக்கோ, இந்தச் சட்டப்படி மாவட்டத்தில் அமைந்த குழந்தைகள் நலக் குழுவுக்கோ தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பதிவு செய்யாமல் இல்லம் நடத்தினால் தண்டனை இன்னும் கூடுதல்: ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும்.

இது ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது என்று கோபப்படுவதில் பயன் இல்லை. 2007இல் மாமல்லபுரத்துப் பக்கம் அநாதை இல்லங்களில் நடந்த கொடுமைகள் பற்றிய பத்திரிகைச் செய்தியை வைத்து உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு தொடங்கியது. வழக்கின் தலைப்பிலேயே தமிழ்நாட்டின் பெயர் இருக்கிறது. பத்தாண்டு கழித்து, 2017 மே மாதம் தீர்ப்பு வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் நாட்டிலுள்ள குழந்தைகள் இல்லங்கள் எல்லாம் பதிவாக வேண்டும் என்றது. நல்ல எண்ணத்தோடு தொடங்குகிறவர்களையும் அரசு அதிகாரி சந்தேகத்தோடுதான் பார்ப்பார். பார்க்கவும் வேண்டும்.

இல்லமாகப் பதிவு செய்வதென்றால் 2016 மாதிரி விதிகளைப் படியுங்கள். 50 குழந்தைகளுக்குத் தலா ஆயிரம் சதுர அடியில் இரண்டு படுக்கைக் கூடங்கள், வகுப்பறை, நோயாளி அறை, பொறுப்பாளர், ஆலோசகர், குழந்தை நல அலுவலர், இல்லத்தாய் அல்லது இல்லத்தந்தை, சமையலாள், மருத்துவர் வருகை என்று பட்டியல் போகும். மாதம் 60,000 ரூபாய் இதில் எந்த மூலைக்கு?

பதினெட்டுக்கு மேல் வேறு உலகம். அதற்கு மேற்பட்ட ஒருவர் உங்களோடு தங்குவதற்குக் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு தேவையில்லை. ஆனால் உதவியும் அந்த வயதில்தான் சட்டென்று நின்றுபோகிறது. இல்லத்தில் வளர்ந்த பையனுக்குப் பதினெட்டு நிறைந்த அன்று அவனிடம் இருப்பது ஒரு டிரங்குப் பெட்டி அல்லது ஒரு பை, ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் சர்டிஃபிகேட், ஆதார் அட்டை. அந்த ஆதாரில் இருக்கும் முகவரி அவன் இனி இருக்கப்போகாத இல்லத்தின் முகவரி. பேங்க் கடிதம், சிம் கார்டு, கேஸ் இணைப்பு, ஓட்டுநர் உரிமம் என எதைத் தொட்டாலும் அந்தப் பழைய முகவரியில் போய் முட்டிக்கொள்ளும்.

சட்டத்தில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. இல்லத்தை விட்டு வெளியேறுகிறவர்களுக்குப் பின்கவனிப்பாக நிதியுதவி தரலாம் என்று 46ஆவது பிரிவு சொல்கிறது. விதிகளின்படி 21 வயது வரை, விதிவிலக்காக 23 வரை. ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தற்காலிகமாகத் தங்கும் குழு வீடு என்கிற ஏற்பாடும் அந்த விதிகளிலேயே இருக்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா என்கிற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் ஆளுக்கு மாதம் 4,000 ரூபாய் என்று தொகையும் போட்டிருக்கிறார்கள். அதை வாங்கித்தர ஒருவர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு நாலு தடவை நடக்க வேண்டும். உங்கள் அமைப்பு அந்த ஒருவராக இருக்கலாம்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது, இல்லத்திலும் வளராதவர்கள். கல்யாண கேட்டரிங் சமையலறை மாடியிலும், லேத் பட்டறைக்குள்ளும், ஓட்டல் குடோனிலும் படுத்துக்கொண்டு வேலை செய்கிற இருபது வயதுக்காரர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 17.7 லட்சம் பேர் வீடற்றவர்கள் என்று எண்ணினார்கள். நடைபாதை, மேம்பாலத்தடி, ரயில் நிலையம், கோயில் வாசல், பெரிய குழாய்களுக்குள் என்று படுத்திருந்தவர்கள் அவர்கள். பட்டறைக்குள் படுத்திருக்கிற பையன் அந்த எண்ணிக்கையில் வரமாட்டான். அவனுக்கு வேலை போனால் அன்றைக்கே படுக்கையும் போகும். வீட்டை விட்டு விரட்டப்பட்ட திருநங்கைகள், திருநம்பிகளின் நிலைமை இதைவிட மோசம். அவர்களுக்கென மத்திய அரசின் கரிமா கிரே தங்குமிடங்கள் இருக்கின்றன. அனுபவமுள்ள சமூக அமைப்புகளும் இருக்கின்றன. புதிதாக வருகிறவர்கள் அவர்களுக்குத் துணையாகப் போவதே சரி.

ஆக, என் கட்சி பதினெட்டுக்கு மேல்தான். இதில் ஒரு கஷ்டம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். சின்னக் குழந்தைகள் என்றால் நன்கொடை தானாக வரும். பிறந்தநாளுக்கு மதியச் சாப்பாடு போடுகிறோம், வந்து கேக் வெட்டுகிறோம் என்று மாதத்துக்குப் பத்துப் பேர் கூப்பிடுவார்கள். (வரிசையில் நின்று லட்டு வாங்குகிற பிள்ளைகளை டோனரின் பிள்ளையோடு நிற்கவைத்துப் படம் எடுப்பது ஒரு தனிக் கொடுமை; அது இங்கே வேண்டாம்.) மீசை முளைத்த பையனுக்கு வாடகை கட்டுகிறோம் என்றால், "இந்த வயசுல உழைச்சுச் சாப்பிட வேண்டியதுதானே?" என்று உங்கள் சித்தப்பாவே கேட்பார். அவன் உழைத்துக்கொண்டுதான் இருக்கிறான், இரவு படுக்கத்தான் இடமில்லை என்பதை ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து விளக்க வேண்டும்.

வயது எத்தனை என்பதே தெரியாத ஆள் வந்தால்? "பத்தொன்பது" என்று சொல்வான், கையில் ஒரு காகிதமும் இருக்காது. பள்ளிச் சான்றிதழ், அது இல்லையென்றால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்றிதழ், அதுவும் இல்லாவிட்டால்தான் மருத்துவச் சோதனை என்று சட்டத்தில் வரிசை இருக்கிறது. முடிவு செய்ய வேண்டியது நலக் குழு. சந்தேகம் இருந்தால் குழந்தை என்றே வைத்துக்கொண்டு 1098க்கு அடித்துவிடுங்கள்.

எங்கே படுக்கவைப்பது?

இங்கே நாலு வழி இருக்கிறது: சொந்தமாக ஒரு பெரிய விடுதி, வாடகைக்கு ஒரு சின்ன வீடு, ஏற்கெனவே இருக்கிற ஹாஸ்டல்களில் படுக்கைக்குப் பணம் கட்டுவது, அல்லது தங்குமிடமே தராமல் பகல் உதவி மட்டும்.

பெரிய விடுதியை முதலில் ஒதுக்கிவிடலாம். அதில் ஒரு கவர்ச்சி உண்டு. கட்டடத்துக்கு நன்கொடை கேட்பது எளிது. கல்வெட்டில் பெயர் போடலாம், திறப்பு விழா வைக்கலாம். சம்பளத்துக்கும் மின்சார பில்லுக்கும் யாரும் கல்வெட்டு கேட்பதில்லை. முப்பது பேருக்குக் கட்டிவிட்டு, மூன்றாம் ஆண்டில் வார்டனுக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் விழிக்கிற கதை புதிதில்லை. இதையும் மீறிப் பலரைத் தங்கவைக்க ஆசை என்றால் மாநகராட்சிக் காப்பகம் ஒன்றை நடத்தித் தரக் கேட்கலாம். ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்னதிலிருந்து நகர்ப்புற வீடற்றோர் காப்பகங்கள் வந்தன. சென்னையில் கட்டடம் மாநகராட்சியுடையது, நடத்துவது தொண்டு அமைப்புகள். அரசுப் பணத்தில் நடத்துவதென்றால் பணம் வரும் வரை கைப்பணத்தில் ஓட்டும் தெம்பு வேண்டும். புது அமைப்புக்கு அது இருக்காது. அப்புறம், பல வயதினரும் சேர்ந்து படுக்கிற கூடத்தில் பத்தொன்பது வயதுக்காரனைக் கொண்டுபோய் விடுவது அவனுக்கு நல்லதும் இல்லை.

ஹாஸ்டல் படுக்கை என்பது பலரும் யோசிக்காத வழி, ஆனால் மோசமான வழி அல்ல. திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் தலைமுறை தலைமுறையாக ஊரிலிருந்து வந்த பேச்சிலர்களைத் தாங்கியவை. ஒரு பையனுக்கு வேலை கிடைத்துவிட்டது, முதல் சம்பளம் வர நாற்பது நாள் ஆகும் என்றால், இரண்டு மாத வாடகையையும் மெஸ் பணத்தையும் நீங்கள் கட்டினால் போதும். அக்ரிமெண்ட் கிடையாது, அக்கம்பக்கம் கேள்வி கேட்காது, இன்றைக்கே போய்ச் சேரலாம். வேலைக்குப் போகிற பெண் என்றால் அரசின் தோழி விடுதிகளில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இதன் குறை, தனிமை. காய்ச்சலில் கிடந்தால் எட்டிப்பார்க்க ஆள் இல்லை. இல்லத்தில் ஐம்பது பேரோடு வளர்ந்தவனுக்கு மேன்ஷன் அறையின் ஞாயிற்றுக்கிழமை தாங்காது. திடமான ஆட்களுக்கு இது சரி, எல்லோருக்கும் சரிவராது.

வாடகை வீடுதான் நான் கை நீட்டிக் காட்டுகிற வழி. ஆவடி, அம்பத்தூர், தாம்பரம் பக்கம் இரண்டு படுக்கையறை வீடு; ஆறு பேர்; அருகிலேயே தங்காவிட்டாலும் தினமும் வந்து போகிற ஒரு சமூகப் பணியாளர். கணக்கை இப்படி வைத்துக்கொள்வோம்: வாடகை 15,000, ஆறு பேருக்கு மளிகையும் காய்கறியும் 18,000, பணியாளர் சம்பளம் 22,000, கரண்ட், கேஸ், பஸ் செலவு 5,000. மொத்தம் 60,000. வேலைக்குப் போக ஆரம்பித்தவர் சம்பளத்தில் ஒரு சிறு பங்கு வீட்டுக்குக் கொடுக்கட்டும்; அதில் ஒரு பகுதியை அவர் பெயரிலேயே ஆர்.டி. போட்டு, வீட்டை விட்டுப் போகும்போது அட்வான்ஸ் கொடுக்கக் கையில் தரலாம்.

இந்த மாதிரி சின்ன வீடுகள் இங்கே நடக்குமா என்று கேட்கிறவர்களுக்கு: 1993இல் சென்னையில் தொடங்கிய பேனியன் அமைப்பு, தெருவிலிருந்து மீட்கப்பட்டு, மனநலச் சிகிச்சை முடிந்தும் வருடக்கணக்கில் விடுதியிலேயே இருந்தவர்களைச் சாதாரணத் தெருக்களில் சாதாரண வீடுகளில் சிறு சிறு குழுக்களாகக் குடிவைத்திருக்கிறது. அவர்களை ஏற்றுக்கொண்ட தெரு, வேலைக்குப் போகிற ஆறு பையன்களையும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் வீடு பிடிப்பதுதான் உயிரை எடுக்கும். புரோக்கர் வீட்டைத் திறந்து காட்டும்போதே ஓனர் கீழிருந்து கேட்பார்: "ஃபேமிலியா, பேச்சிலரா?" பேச்சிலர் என்றதும் முகம் பாதி சுருங்கும். "சொந்த ஊர் எது? அப்பா என்ன பண்றார்?" என்பது அடுத்தது, ஊரைக் கேட்பது போல் சாதியைக் கேட்கிற அந்த விசாரணையில் இந்தப் பையன்களிடம் பதில் இருக்காது. அதனால் பையன்களைக் கூட்டிக்கொண்டு வீடு பார்க்கப் போகாதீர்கள். குழுவில் நரைத்த தலையும் நிலையான வேலையும் உள்ள இருவர் போய், அமைப்பின் பெயரிலேயே ஒப்பந்தம் போட வேண்டும். யார் யார் தங்குவார்கள் என்பதை மறைக்கவும் வேண்டாம். மறைத்தால் இரண்டாம் மாதம் தெரிந்து, மூன்றாம் மாதம் காலி செய்யச் சொல்வார்கள். வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையை அட்வான்ஸின் அளவாகச் சொல்கிறது. தெருவில் கேட்பது அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். தொடங்கும் முன்பே ஒரு லட்சமாவது தனியாக எடுத்து வையுங்கள்.

பெண்களுக்கு வீடு என்றால் இன்னொரு படி இருக்கிறது. பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளையும் இல்லங்களையும் முறைப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2014இல் வந்தது. மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும், பாதுகாப்பு ஏற்பாடுகள் இருக்க வேண்டும். ஆறே பேர்தானே என்று விட்டுவிடாமல், சட்டம் உங்களையும் கட்டும் என்று எடுத்துக்கொண்டு முதலிலேயே ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஆண், பெண் இரு வீடுகளையும் ஒரே ஆண்டில் தொடங்காதீர்கள். எது முதலில் என்றால், குழுவில் எந்தப் பக்கம் தினமும் போய்வர ஆள் இருக்கிறார்களோ அது.

நாலாவது, பகல் உதவி மட்டும். ஆதாரில் முகவரி மாற்றுவது, பேங்க் கணக்கு, வாக்காளர் பட்டியலில் பெயர் (வீடில்லாதவரும் சேரலாம், அவர் சொல்கிற இடத்தில் படுத்திருக்கிறாரா என்று வாக்குச்சாவடி அலுவலர் ராத்திரியில் வந்து பார்க்க வேண்டும் என்பதே நடைமுறை), ஐ.டி.ஐ. சேர்க்கை, அரசுப் பள்ளியில் படித்தவர் கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய். இதற்குச் செலவு சொற்பம், பலன் பெரிது. வீடு எடுப்பதற்கு முந்தைய ஆறு மாதம் இதைச் செய்து பார்க்கச் சொல்வேன். குழுவில் யார் வார்த்தைக்கு வருவார், யார் வேலைக்கு வருவார் என்பது அந்த ஆறு மாதத்தில் வெளுத்துவிடும்.

இனி அந்த டிரஸ்ட் கேள்வி

மூன்று வடிவங்களையும் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். டிரஸ்ட் என்றால் பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது. இருவர் போதும். சமயம் சாராத பொது அறக்கட்டளைகளை ஆண்டுதோறும் மேற்பார்க்க மகாராஷ்டிரத்தில் அறப்பணி ஆணையர் இருப்பதுபோல் தமிழ்நாட்டில் யாரும் இல்லை. இதுதான் அதன் வசதி, இதுதான் ஆபத்தும். நிறுவனர் ஒருவர், அவர் மனைவி, அவர் தம்பி என்று மூன்று அறங்காவலர்களோடு ஓடுகிற டிரஸ்டில் யாரும் யாரையும் கேள்வி கேட்கமாட்டார்கள். பத்திரத்தில் நோக்கத்தை எழுதிவிட்டால் பிறகு மாற்றுவதும் சுலபமில்லை.

சொசைட்டிக்கு 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். குறைந்தது ஏழு பேர் வேண்டும். பொதுக்குழு, தேர்தல், ஆண்டுதோறும் மாவட்டப் பதிவாளரிடம் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் கொடுப்பது என்று ஜனநாயகம் கட்டாயம். கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில், ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாத இரண்டு கோஷ்டிகள் இரண்டு பட்டியல்களைத் தாக்கல் செய்து, எது உண்மையான நிர்வாகம் என்று தெரியாமல் பேங்க் கணக்கை முடக்கிவைக்கிற அளவுக்கும் போகும். அந்தச் சமயத்தில் வாடகையை யார் கட்டுவது?

கம்பெனிகள் சட்டம் 2013இன் எட்டாம் பிரிவில் பதிவாகிற லாபநோக்கற்ற கம்பெனிக்கும் இருவர் போதும், முதலீட்டுக்குக் குறைந்தபட்ச வரம்பு இல்லை. மூன்றிலும் வெளிப்படைத்தன்மை இதில்தான் அதிகம். யார் இயக்குநர், கணக்கு என்ன என்பதை யாரும் அரசு இணையதளத்தில் பணம் கட்டிப் பார்க்கலாம். ஒரு ரூபாய் வரவு இல்லாவிட்டாலும் ஆடிட் உண்டு. ஆண்டுப் படிவங்களைத் தாமதமாகக் கொடுத்தால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஏறிக்கொண்டே போகும். இரண்டு படிவத்தை ஒரு வருடம் மறந்தால் 73,000 ரூபாய். அது ஒரு மாத வீட்டுச் செலவைவிட அதிகம்.

"கம்பெனி என்றால்தான் சிஎஸ்ஆர் பணம் வரும்" என்பார்கள். சிஎஸ்ஆர் என்பது பெரிய கம்பெனிகள் சட்டப்படி சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய பணம். விதிப்படி அப்படி இல்லை. மூன்று வடிவத்துக்கும் சிஎஸ்ஆர் வரலாம். ஆனால் வருமான வரித்துறையின் 12ஏ (அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிக் கழிவு) பதிவுகள் வேண்டும், சிஎஸ்ஆர்-1 படிவம் வேண்டும், அதே மாதிரிப் பணியில் மூன்றாண்டு அனுபவமும் வேண்டும். அதாவது முதல் மூன்று ஆண்டுக்கு எந்த வடிவமும் உங்களுக்கு சிஎஸ்ஆர் பணத்தைக் கொண்டுவராது. வெளிநாட்டுப் பணமும் இதே கதைதான்: எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் பதிவுக்கு மூன்றாண்டு வயதும், அந்த மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாய் பணிக்காகச் செலவழித்த கணக்கும் கேட்பார்கள். இங்கே சிறு அமைப்புகள் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. இந்தியக் குடியுரிமையோடு துபாயில் வேலை செய்கிற உங்கள் நண்பர் தன் சேமிப்பிலிருந்து பேங்க் வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை இல்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட அத்தை மகன், கையில் ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்திய அரசு தருவது) இருந்தாலும், அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. பதிவில்லாமல் அதை வாங்குவது குற்றம். வாட்ஸப் குழுவில் பேங்க் கணக்கு எண்ணைப் போடும் முன் இதை நினைவில் வையுங்கள்.

80ஜி பற்றியும் பெரிய கனவு வேண்டாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவருக்குக் கழிவே கிடையாது. சம்பளக்கார நண்பர்களில் பெரும்பாலோர் இப்போது அந்தப் பக்கம் போய்விட்டார்கள். பழக்கத்தில் 12ஏ, 80ஜி என்று சொன்னாலும், 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் முதல் அமல் என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆடிட்டரிடம் புது எண்ணைக் கேட்டு ரசீதில் போடுங்கள்.

நம் பத்துப் பன்னிரண்டு பேர் குழுவுக்கு நான் டிரஸ்ட் என்றே சொல்வேன், ஒரு நிபந்தனையோடு. அறங்காவலர்கள் ஐவருக்குக் குறையாமல் இருக்கட்டும், இருவருக்கு மேல் ஒரே குடும்பம் கூடாது, ஆயுள்கால அறங்காவலர் என்ற வார்த்தை பத்திரத்தில் வரவே கூடாது, ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆள் மாறட்டும், செக்கில் இரண்டு கையெழுத்து. ஆடிட் சட்டப்படி தேவையில்லாத ஆண்டிலும் ஆடிட் உண்டு என்று எழுதுங்கள். சொசைட்டியின் கேள்வி கேட்கும் பழக்கத்தையும் கம்பெனியின் கணக்குச் சுத்தத்தையும் பத்திரத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிடலாம். பத்திர எழுத்தர் கொடுக்கிற அச்சடித்த மாதிரியை அப்படியே வாங்கிக் கையெழுத்துப் போட்டால் இது எதுவும் வராது. குழு ஐம்பது அறுபது பேராக வளரும், எல்லோரும் சந்தா கட்டுவார்கள் என்றால் சொசைட்டி. குழுவிலேயே கம்பெனி செக்ரட்டரி ஒருவர் இருந்து, படிவங்களைத் தானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால் கம்பெனி. அவர் ஊர் மாறிப் போனால் என்ன ஆகும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொடங்காமலே இருப்பது

இதையும் ஒரு தெரிவாக எடுத்துப் பேச வேண்டும். வடசென்னையில் 1995 முதல் தெருவோரக் குழந்தைகளோடு வேலை செய்கிற கருணாலயா போன்ற அமைப்புகள் இருக்கின்றன. அவர்களிடம் வளர்ந்த பிள்ளைகளுக்கும் பதினெட்டு வயது ஆகத்தான் செய்யும். உங்கள் ஊரில் பதிவுள்ள, கணக்கு சுத்தமான இல்லம் ஒன்றிடம் போய், "உங்களிடமிருந்து இந்த வருடம் வெளியேறுகிறவர்களுக்கு ஒரு வீட்டை நாங்கள் நடத்தித் தருகிறோம், பணம் உங்கள் கணக்கில் தனித் தலைப்பில் வரட்டும்" என்று கேட்டுப் பாருங்கள். வரிப் பதிவு, ரசீது எல்லாம் முதல் நாளே தயார். வெளியேறப்போகிற பையனை இரண்டு வருடம் முன்பே தெரிந்துகொள்ளவும் முடியும். புதிதாகத் தொடங்குகிற எந்த டிரஸ்டாலும் அது ஆகாது. இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை: முடிவு உங்கள் கையில் இருக்காது. அவர்கள் ஒரு பையனை வெளியே அனுப்பச் சொன்னால் அனுப்ப வேண்டும். பெயர்ப் பலகையும் அவர்களுடையது. பெயர்ப் பலகைதான் உங்களை உறுத்துகிறது என்றால் அதைக் குழுவுக்குள் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது நல்லது.

இரண்டு வருடம் இப்படி ஓட்டிவிட்டு, பிறகு தனி டிரஸ்ட் தொடங்குவதுதான் இருப்பதிலேயே நல்ல வரிசை என்பது என் எண்ணம். அந்த இல்லத்து நிர்வாகியோடு ஒத்துப்போகவில்லை, அல்லது உங்கள் கண் பட்டறையிலும் குடோனிலும் படுத்திருக்கிற பையன்கள் மேல்தான் என்றால் நேராகத் தனியாகவே போங்கள்.

எந்த வழியில் போனாலும் ஒரு விஷயத்தை முதல் நாளே எழுதிவைத்துவிடுங்கள். அமைப்பைக் கலைத்தால் சொத்து அதேபோன்ற நோக்கமுள்ள வேறு அமைப்புக்குப் போகும் என்ற வரி எல்லாப் பத்திரத்திலும் இருக்கும். வருமான வரித்துறை அதைக் கேட்கும். வீட்டில் அப்போது தங்கியிருக்கிற ஆறு பேர் எங்கே போவார்கள் என்பதை எந்த மாதிரிப் பத்திரத்திலும் நான் பார்த்ததில்லை. ஆறு மாத வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் தனி டெபாசிட்டாகப் போட்டு, அமைப்பை நிறுத்துவதென்று முடிவான நாளிலிருந்துதான் அதை எடுக்கலாம், தங்கியிருப்பவர்களை வேறு இடத்தில் சேர்ப்பதற்கு மட்டும்தான் செலவழிக்கலாம் என்று ஒரு பிரிவு சேருங்கள். மேலே போட்ட கணக்கில் அது சுமார் இரண்டு லட்சம் ரூபாய். அந்த இரண்டு லட்சம் சேருகிற வரை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.